ஜிபார் அக்காவுக்கு யார் சொல்வது

“ஹலோ… ஹலோ, மாமா? … கேக்குது, கேக்குது, கத்தாதீங்க. எங்க இருக்கீங்க? … என்னது? … இன்னும் அங்கேயேவா? மாமா, போன தடவை கூப்பிட்டப்பவும் கோச்கோர் தாண்டியாச்சுன்னுதான சொன்னீங்க! … ஆடா? என்ன ஆடு? … ரோடு முழுக்கவா? … ஆமா, ஆமா, கத்துறது எனக்கே கேக்குது.

“ஹாரன் அடிங்க… அடிச்சா நகராதா… மேய்க்கிறவன்கிட்ட சொல்லுங்களேன், துக்க விஷயமாப் போறோம், வழி விடுன்னு… சொல்லிட்டீங்களா? என்ன சொன்னான்? … ‘எனக்குப் புரியுது, ஆட்டுக்கு யார் சொல்றது’ன்னானா? … சிரிக்கல மாமா. நான் சிரிக்கல. எனக்கு இப்ப சிரிப்பு வருமா?”

அக்டோபர் மாதம். மலை மேய்ச்சலிலிருந்து மந்தைகள் இறங்கும் காலம். நான் பிஷ்கெக் விமான நிலையத்தில், பயணிகள் வெளியே வரும் கண்ணாடிக் கதவுக்கு எதிரே நின்றிருந்தேன். எனக்குப் பதினாறு வயது; அந்த நகரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். மாஸ்கோவிலிருந்து என் அக்கா ஜிபார் கைக்குழந்தையோடு வந்துகொண்டிருந்தாள். எங்கள் அம்மா மே மாதமே இறந்துவிட்டாள். அது அக்காவுக்குத் தெரியாது. பிள்ளைத்தாய்ச்சியிடம் சொல்லக்கூடாது என்று மறைத்தார்கள். பிறகு பால் கொடுப்பவளிடம் சொல்லக்கூடாது என்று மறைத்தார்கள். இப்போது சொல்லியே ஆகவேண்டும். எங்களில் இப்படிப்பட்ட செய்தியைப் போனில் சொல்ல மாட்டார்கள், ஒற்றை ஆளும் சொல்ல மாட்டார். பெரியவர்கள் நாலு பேராகப் போய், இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். அந்தப் பெரியவர்கள் அத்தனை பேரும் மாமாவின் காரில், ஆட்டு மந்தைக்குப் பின்னால் இருந்தார்கள்.

மாமா சொன்னதெல்லாம் இப்போது அப்படியே ஞாபகமில்லை. நான் சொன்னது மட்டும் வார்த்தை மாறாமல் இருக்கிறது.

“எறங்கிடுச்சு மாமா. போர்டுல போட்டுட்டான்… மாஸ்கோ விமானம்தான், எறங்கியாச்சு… இல்ல, இன்னும் வெளிய வரல. பாஸ்போர்ட் பாக்கணும், பெட்டி எடுக்கணும், கைக்குழந்தை வேற, கொஞ்ச நேரமாகும்… அதத்தான் நானும் கேக்குறேன். நீங்க வரலைன்னா நான் என்ன பண்றது?

“ம்… ம்… ஆமா… டாக்சி புடிச்சு… சரி… கோச்கோர் வரைக்கும்… சரி, அங்க நீங்க நிப்பீங்க… ம்… அக்கா கேட்டா? … என்ன சொல்லணும்? … திரும்பச் சொல்லுங்க… இல்ல, காதுல நல்லா விழுந்துச்சு. இன்னொரு தடவை சொல்லுங்கன்னேன்.

“‘அம்மாவுக்கு உடம்பு கொஞ்சம் முடியல, ஆஸ்பத்திரில இருக்கா, வா, போய்ப் பாத்துட்டு வரலாம்.’ … மாமா, ஒரு எழுத்து மாறல… எதுவா? மே மாசம் ஹாஸ்டல் வாசல்ல நின்னு என்கிட்ட சொன்னீங்களே, அது. வேற ஒன்னு யோசிக்கக்கூட உங்களுக்குத் தோணலையா?

“நான் ஆரம்பிக்கல. நீங்கதான் மறுபடி ஆரம்பிக்கிறீங்க… சரி… சரி, கத்தல… இங்க எல்லாரும் கத்திக்கிட்டுத்தான் இருக்காங்க, யாரும் என்னப் பாக்கல.

“— வேணாம்க்கா. பூ வேணாம்… இல்ல, காதலியெல்லாம் இல்ல… அக்கா. எங்கக்கா வரா… அக்காவுக்கும் வேணாம். போன் பேசிட்டிருக்கேன்ல? … ஆமா, ரோஜா நல்லாத்தான் இருக்கு, நான் இல்லன்னு சொல்லலையே! —

“இல்ல மாமா, உங்கள இல்ல. பூ விக்கிறவங்க… என்ன சொல்லிட்டிருந்தீங்க? … முடியாது… முடியாதுன்னா முடியாது மாமா. அவள வண்டியில ஏத்தி அந்த ரோடு முழுக்கக் கூட்டிட்டு வர மாட்டேன். எனக்கு அந்த ரோடு தெரியும்.

“நீங்க மறந்துட்டீங்களா? நான் மறக்கல. அன்னிக்கு வழியெல்லாம் என்கிட்ட என்ன பேசினீங்க? கால்பந்து பேசினீங்க. எந்தக் கோல்கீப்பர் நல்லவன்னு சண்டையே போட்டோம். கோச்கோர்ல நிறுத்திச் சம்சா வாங்கிக் குடுத்தீங்க. நான் ஒன்னு தின்னு இன்னொன்னு கேட்டேன். நீங்க தொடல. ஏன்னு கேட்டதுக்குப் பல்வலின்னீங்க. கடையில ஆரஞ்சு பாத்து, அம்மாவுக்கு வாங்கிட்டுப் போலாம்னேன். நீங்க என்ன செஞ்சீங்க? காசை எடுத்து நீட்டி, ‘நல்லதாப் பொறுக்கு’ன்னீங்க. நான் ஒவ்வொன்னா அமுக்கிப் பாத்துப் பொறுக்கினேன் மாமா. செத்துப்போன அம்மாவுக்கு நல்ல ஆரஞ்சாப் பொறுக்கினேன்.

“… தெரியும். நீங்க வேணும்னு பண்ணலன்னு தெரியும்… தெரியும்… அப்பா வழி ஆளுங்க ஊர் எல்லைப் பாலத்துகிட்ட நின்னு சொல்லுவாங்கன்னு நீங்க நெனச்சீங்க. வண்டியில வரப்பவே நீங்க சொல்லியிருப்பீங்கன்னு அவங்க நெனச்சாங்க. ஊர் பூரா ஒருத்தர ஒருத்தர் நெனச்சுக்கிட்டீங்க. பாலத்துல யாரு நின்னா? ஒரு கழுதை நின்னுச்சு. அதாவது சொல்லியிருக்கலாம்.

“… யாரும் இல்லைன்னு பாத்ததும் வண்டிய நிறுத்தியிருக்கலாமே? … ம்… ‘கால் பிரேக்குக்குப் போகல.’ சரி. கால் பிரேக்குக்குப் போகல.

“வளைவுல திரும்பினதும் வாசல்ல கம்பளிக் கூடாரம் தெரிஞ்சுது. யாருக்கோ கல்யாணம்னுதான் நெனச்சேன். காதுல பாட்டு ஓடுது, கையில பழப்பை, சிரிச்சுக்கிட்டே எறங்கினேன். வரிசையா ஆம்பளைங்க, இடுப்புல துணியக் கட்டிக்கிட்டு, கம்ப ஊணிக்கிட்டு அழறாங்க. என்னப் பாத்ததும் சத்தம் ஏறுது. நான் திரும்பிப் பாத்தேன், பின்னாடி யாரு வரான்னு. யாரும் வரல. என்னப் பாத்துத்தான்… யாரோ என் இடுப்புல துணியச் சுத்தினாங்க, கையில கம்பக் குடுத்தாங்க, ‘அழு, அம்மான்னு கூப்பிட்டு அழு’ன்னாங்க. நான் அங்க நட்டுவெச்ச கம்பு மாதிரி நின்னேன்.

“அப்பலருந்து எனக்குப் பேரே அதான. ‘சிரிச்சுக்கிட்டு வந்தவன்.’ … சொல்றாங்க மாமா. நீங்க இருக்கறப்ப சொல்ல மாட்டாங்க… அப்புறமாவது அழுதிருக்கலாம்னு நீங்களும்தான் சொன்னீங்க. எப்படி அழறது? நான் வர்றதுக்குள்ள எல்லாரும் அழுது முடிச்சுட்டீங்களே. உங்களுக்கெல்லாம் தொண்டை கட்டிப்போய் இருந்துச்சு. எனக்கு அப்பத்தான் தெரியவே தெரியுது.

“ஹலோ? … ஹலோ, மாமா? … அத்தையா? … நல்லாருக்கேன் அத்தை… சாப்பிட்டேன்… என்னவோ ஒன்னு, சாப்பிட்டேன்… போட்டிருக்கேன், ஸ்வெட்டர் போட்டிருக்கேன்… அத்தை, போனை மாமாகிட்ட… சரி, சொல்லுங்க.

“ம்… ஆமா… ஆமா, பால் வத்திடும். இதத்தான் மாசக்கணக்காச் சொல்றீங்க… நான் ஆம்பளப் பையன், எனக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். வத்தலாம், வத்தாமயும் போகலாம்… பேசல. நான் ஏட்டிக்குப் போட்டியாப் பேசல… சரி, நாளைக்கு வீட்ல வெச்சுச் சொன்னா வத்தாதா? வாசல்ல பொம்பளைங்க எல்லாரும் கூடி நின்னு ஒப்பாரி வெக்கறப்போ, விஷயம் தெரியாம குழந்தையத் தூக்கிட்டு அவ வண்டியிலருந்து எறங்குவாளே, அப்ப வத்தாதா? … முன்னாடியே சொல்லிடுவீங்களா? யாரு? எந்த எடத்துல? … பாத்தீங்களா. ‘அங்க இருக்கறவங்க யாராவது.’ அத்தை, அந்த ‘யாராவது’ எங்க இருக்கான்னு நான் அஞ்சு மாசமாத் தேடிட்டிருக்கேன். ஒருநாளும் கண்ல படல.

“… மன்னிச்சுக்கோங்க. உங்கமேல கோவமில்ல… இல்ல அத்தை, உங்க கை மாவு உருண்டையெல்லாம் நான் குறை சொல்வேனா… சரி, வந்து சாப்பிடறேன். மாமாகிட்ட குடுங்க.”

கண்ணாடிக் கதவு திறந்தது. ராணுவ உடுப்பில் ஒருவன் வந்தான்; அவன்மேல் நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் விழுந்தார்கள். கதவு மூடிக்கொண்டது. அவர்கள் கொண்டுவந்த இனிப்பைத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் நீட்டினார்கள். என் கையிலும் ஒன்றைத் திணித்துவிட்டுப் போனார்கள். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

“சொல்லுங்க மாமா… நகருதா? … பாதி போயிடுச்சா. மீதிப் பாதி? … ம்.

“எந்தப் பள்ளிக்கூடம்? … இப்ப எதுக்கு அது? … உங்களுக்கு போன் பண்ணாங்களா… ஆமா, போகல. கொஞ்ச நாளாப் போகல… பஜார்ல மூட்டை எறக்கறேன்… இல்ல, காசுக்கு இல்ல. அங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. ‘தள்ளு’ன்னு சொல்வாங்க, ‘தூக்கு’ன்னு சொல்வாங்க. அவ்வளவுதான்… அடிச்சேன். ஆமா, அறையில கூட இருக்கற பையன நான்தான் அடிச்சேன். ‘உங்கம்மா எப்படி இருக்காங்க’ன்னு கேட்டான்… தெரியாமத்தான் கேட்டான். எனக்கும் தெரியும், அவன் தெரியாமத்தான் கேட்டான்னு… அதுக்கு அடிப்பியான்னா என்ன சொல்றது? அவனுக்குப் பதில் சொல்றதவிட அடிக்கறது சுலபமா இருந்துச்சு. மூக்குல ரத்தம் வந்தப்புறம் நான்தான் தண்ணி கொண்டுவந்து ஊத்தினேன். அத யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க… இல்ல, அவன் இப்ப பேசறதில்ல. யாருமே பேசறதில்ல. அறையில கட்டில தள்ளிப் போட்டுட்டாங்க.

“… மாமா, நான் சின்னப் பையனா? … இல்ல, நீங்க சொன்னதத்தான் திருப்பிக் கேக்குறேன். ‘நீ சின்னப் பையன், இதெல்லாம் உன் வேலையில்ல.’ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அக்கா போன் பண்றப்ப யாரு எடுத்தா? நீங்க எடுத்தீங்களா? அத்தை எடுத்தாங்களா? அக்கா பேரப் பாத்ததும் ஊரே போனை ஆஃப் பண்ணி வெச்சுட்டு ‘எர்மெக் பேசுவான், அவன் நல்லாப் பேசுவான்’னு சொன்னீங்க. பொய் சொல்றப்ப பெரியவன். நெசத்தச் சொல்லணும்னா சின்னப் பையனா?

“அம்மா மலை மேய்ச்சலுக்கு, ஜைலூவுக்குப் போயிருக்கா, மேல டவர் இல்லன்னு சொல்லச் சொன்னதும் நீங்கதான். நல்ல பொய். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. வருஷா வருஷம் குதிரைங்கள ஓட்டிட்டுப் போறவதான, மேல டவர் இல்லாததும் நெசந்தான… மொதல்ல அந்த ஒரு வரிதான் சொன்னேன் மாமா. அதோட வெச்சுடுவான்னு பாத்தா, அக்கா ஒன்னொன்னாக் கேக்க ஆரம்பிச்சா. எந்தக் குதிரை குட்டி போட்டுச்சு, குதிரைப்பால் கும்மிஸ் இந்த வருஷம் புளிப்பா வந்திருக்கா, மழைக்குக் கூடாரம் ஒழுகுச்சான்னு. எதையாவது சொல்லணுமே. செவலைப் பெட்டைக்கு ரெண்டு வெள்ளைக் காலோட குட்டின்னேன். பால் கறக்கறப்ப அது அம்மாவ ஒதைச்சிடுச்சு, ஒன்னும் ஆகல, அம்மா அதோட ஏழு தலைமுறையத் திட்டித் தீத்துட்டான்னேன். எப்படித் திட்டினா சொல்லுன்னா. சொல்லிக் காட்டினேன், அம்மா கொரல்லயே. அக்கா சிரிச்ச சிரிப்புல வயித்தப் புடிச்சுக்கிட்டா, ‘டேய் போதும்டா, புள்ள வெளிய வந்துடும்’னா.

“… மாமா, கேக்குறீங்களா? … அந்த ஒரு போன்லதான் அம்மா இருந்தா. வீட்ல இல்ல. மேட்டுல அம்மாவப் பொதைச்ச மண்ணுகிட்ட நின்னு நீங்க எல்லாரும் வேண்டிக்கறீங்க, எனக்கு அங்க ஒன்னும் தெரியல. ஞாயித்துக்கிழமை அக்கா கூப்பிட்டா மட்டும் அம்மா எந்திரிச்சு வருவா, பால் கறப்பா, யாரையாவது திட்டுவா. திங்கக்கிழமையே நான் யோசிக்க ஆரம்பிச்சுடுவேன், அடுத்த வாரம் அம்மா என்ன பண்ணலாம்னு. ஒரு தடவை புயல்ல குதிரையத் தேடிப் போக வெச்சேன். அப்புறம் எனக்கே பயம் வந்து சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்.

“இன்னிக்கு அக்காகிட்ட சொல்லிட்டா அதுவும் போச்சு. எனக்கு மட்டும் சொல்லணும்னு ஆசையா? நீங்க என்னவோ நான் வீம்புக்குப் பண்றேன்னு நெனைக்கிறீங்க…

“ஹலோ? … இருக்கீங்களா? … ம். லைன் கட்டாகிடுச்சோன்னு பாத்தேன்.

“— என்னக்கா? … ஒன்னும் ஆகல. சளி… இல்ல, உக்காரல. நின்னா கதவு தெரியும் —

“பூக்கார அக்காதான்… விடுங்க. அக்கா எதுக்கு வரா, அது தெரியுமா உங்களுக்கு? … சும்மா பாக்க இல்ல. தொட்டிலுக்கு வரா. மொதல் மொதல்ல அம்மா கையாலதான் புள்ளையத் தொட்டில்ல கெடத்திக் கட்டணும்னு, இதுவரைக்கும் தொட்டில்ல போடாமயே வெச்சிருக்கா. ராத்திரியெல்லாம் மடியிலயே வெச்சு ஆட்டறாளாம். மச்சான் எவ்வளவோ தடுத்தாராம். அவருக்குத் தெரியும், என்ன காரணம்னு வாயத் தொறந்து சொல்லாம எப்படித் தடுப்பாரு? ‘குதிரையெல்லாம் கீழ எறங்கிடுச்சு, அம்மாவும் எறங்கியிருப்பா, நான் வரேன்னு சொல்லாதடா, திடீர்னு போய் நிக்கணும்’னு டிக்கெட் போட்டுட்டா.

“அதனாலதான் சொல்றேன். நான் இங்கயே சொல்லிடறேன். வண்டியில ஏறுறதுக்கு முன்னாடி. அவ எந்த ரோட்டுல போறா, எதுக்குப் போறான்னு தெரிஞ்சுக்கிட்டு ஏறட்டும். வழியெல்லாம் அழணும்னா அழட்டும். யாருக்கும் காட்டாம சன்னல் பக்கம் திரும்பி அழட்டும். வீட்டு வாசல்ல எறங்கறப்ப எல்லாரும் அழறாங்கன்னா எதுக்குன்னு தெரிஞ்சு எறங்கட்டும். அவ்வளவுதான் மாமா நான் கேக்கறது. எனக்குக் கெடைக்காதத அவளுக்குக் குடுங்கன்னு கேக்கறேன், வேற என்ன?

“… என்ன? … ஆமா… ஆமா, ஒத்தை ஆளு சொல்லக்கூடாதுன்னு தெரியும். முறையெல்லாம் எனக்குத் தெரியும். முறைப்படி எனக்கு எத்தனை பேரு சொன்னீங்க?

“… கையில என்ன? … ம்.

“… அது சரிதான்.

“… இல்ல, அத நான் யோசிக்கல. குழந்தை கையில இருக்கும்ல… சொல்றப்போ விழுந்துட்டா… ஆமா. நீங்க சொல்றது சரிதான். நான் குழந்தையப் பிடிக்கறதா, அவளப் பிடிக்கறதா?

“என்ன பண்ணட்டும் மாமா? … வந்துடுவோம்னு சொல்லாதீங்க, எப்ப வருவீங்க? … அதுவரைக்கும் அவகிட்ட அம்மாவப் பத்தி என்ன பேசறது? போன்ல பேசலாம். மூஞ்சியப் பாத்துட்டு என்னால முடியாது. அவ என்னத் தூக்கி வளத்தவ, கண்டுபிடிச்சுடுவா.

“— என்னக்கா? … இல்ல, நான் உங்களக் கூப்பிடல… எல்லாத்தையும் கேட்டீங்களா? … கத்தினேனா? … மன்னிச்சுக்கோங்க… என்னது? … நீங்களா? … உங்க கடை? … யாராவது எடுத்துட்டா? … இல்ல, வேணாம்னு சொல்லல… நெசமாவா? … எனக்கு… சரிக்கா. சரி. இந்தப் பக்கம். இடது பக்கம் நில்லுங்க —

“மாமா… பூக்கார அக்கா வராங்களாம். பூவையெல்லாம் வாளியோட அப்படியே கீழ வெச்சுட்டு வராங்க… தெரியாது, பேரு கேக்கல… எந்த ஊரா? மாமா, இப்ப போய் அவங்ககிட்ட எந்த ஊரு, எந்த வம்சம்னு விசாரிக்கவா? … அவங்க புருஷன் சாவ அவங்களுக்கு போன்ல சொன்னாங்களாம். கடையில ரொட்டி வாங்கிட்டு இருந்தாங்களாம். பக்கத்துல யாருமே இல்லையாம். அதனால வரேன்னு சொல்றாங்க… ஆமா. வயசானவங்கதான். பெரியவங்கதான். போதுமா?”

அந்த அம்மாள் இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, தலையில் கட்டியிருந்த பூப்போட்ட துணியை அவிழ்த்து மறுபுறம் திருப்பி, வெறும் பக்கம் வெளியே தெரியும்படி கட்டிக்கொண்டாள். எங்கள் துக்க வீடுகளுக்குப் போகும் பெண்கள் செய்வது அது. பிறகு எனக்கு இடதுபக்கம் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கேக்குது மாமா… ம்… ம்… சரி, அப்ப ஒத்துக்கிட்டீங்களா? … ஒத்துக்கலையா? … ரெண்டும் இல்லாம ஒரு பதில் உங்களால மட்டும்தான் சொல்ல முடியும்.

“ஸ்பீக்கர்லயா? எதுக்கு? … நீங்க அங்கேருந்து சொல்றீங்களா? … வேணாம். ஆடு கத்தற சத்தத்துக்கு நடுவுல எங்கக்காவுக்கு எங்கம்மா செத்துட்டான்னு கேக்க வேணாம்… கோவமா இல்ல. போன்ல சொல்லக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. அதுல மட்டும் நீங்க சொன்னது சரி.

“ஒன்னு கேக்கணும்… எப்படி ஆரம்பிக்கறது? மொதல் வார்த்தை என்ன சொல்லணும்? நேரா ‘அம்மா’ன்னு ஆரம்பிக்கறதா, இல்ல வேற எதையாவது சுத்தி வளைச்சுட்டு… மாமா? … ஹலோ? … சொல்லுங்க, நேரமில்ல.

“… தெரியாதா?

“… உங்களுக்கே தெரியாதா?

“… அன்னிக்கு வழி முழுக்க அதத்தான் தேடிட்டு வந்தீங்களா? … கோச்கோர்ல ஒரு தடவை வாயத் தொறந்தீங்க, மூடிட்டீங்க. நான் பாத்தேன். ஏப்பம்னு நெனச்சேன்.

“மாமா… மாமா, அழாதீங்க. வண்டிய ஓரமா நிறுத்திட்டு அழுங்க… நிக்குதா. ஆமா, ஆட்டுக்குப் பின்னாடி நிக்கத்தான செய்யுது… உங்களுக்கும் அவ தங்கச்சிதான். எனக்குத் தெரியும்… தெரியும்… நான்தான் அப்பலருந்து அத நெனச்சே பாக்கல… என்னது? … இப்ப வேணாம். மன்னிப்ப என்கிட்ட நேர்ல கேளுங்க. போன்ல வேணாம் மாமா.

“அத்தை பக்கத்துல இருக்காங்களா? … உங்க கையப் பிடிச்சுக்கச் சொல்லுங்க.

“கதவு தொறக்குது… இல்ல, வேற யாரோ… கெழவர் ஒருத்தர்… அவரு பின்னாடி… ஆ. வந்துட்டா.

“ஆமா. அவதான்… இளைச்சிருக்கா. முடிய வெட்டியிருக்கா மாமா, என்கிட்ட சொல்லவே இல்ல. குழந்தை நெஞ்சுல இருக்கு, மஞ்சத் துணில… இன்னும் என்னப் பாக்கல. யாரையோ தேடறா… என்னத்தான் தேடறா, நான் வளந்துட்டேன், அவளுக்கு அடையாளம் தெரியல. என்மேல பட்டு அந்தப் பக்கம் போயிடுச்சு பார்வை.

“பாத்துட்டா. சிரிக்கறா. கையத் தூக்கி… மாமா, சிரிச்சுக்கிட்டு வரா.

“… இல்ல. பயமாத்தான் இருக்கு. பரவால்ல… இல்ல, நீங்க மெதுவாவே வாங்க. நாங்க இங்கதான் இருப்போம்.

“— அக்கா! … இங்க! … ஆமாக்கா, வளந்துட்டேன்… ஆமா, மீசை மாதிரிதான் ஏதோ… இவங்களா? இவங்க நமக்குத் தெரிஞ்சவங்க. உன் பக்கத்துல நிப்பாங்க… இல்லக்கா. அம்மாகிட்ட நான் எதுவும் சொல்லல… சொல்றேன், இரு. மொதல்ல குழந்தைய என்கிட்ட குடு… எனக்குத் தூக்கத் தெரியும், தலையத் தாங்கிப் பிடிச்சுக்கறேன், குடுக்கா… இந்தா, பிடிச்சுட்டேன். இப்ப இங்க உக்காரு. என்னப் பாரு —

“மாமா, வெக்கிறேன்.”